அவித்துத் தின்னச் சொன்னார்

ஒத்தடம் கொடுப்பதில் எனக்கு நல்ல கைப்பழக்கம் உண்டு. துணி நனைய வேண்டும், சொட்டக்கூடாது. சூட்டை முதலில் நம் முழங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும். அதை நம்பினால் படுத்திருப்பவளின் முதுகு வெந்துவிடும். பிரேமினியின் முதுகில் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை, மேடம். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

நீங்கள் பிரதேச செயலகத்திலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார்கள். தமிழில் கேட்பது எனக்கு வசதிதான். பொலிஸில் சிங்களத்தில் எழுதிக்கொண்டார்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். குருநாகலில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பல வருஷம் நின்றவன் நான். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. லயத்தில் யாருக்கு ஆஸ்பத்திரி, அரசாங்கக் கச்சேரி என்று வந்தாலும் லியனார்ட்டைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்பார்கள். போய், அவர்கள் சொல்வதை அங்கேயும் அங்கே சொல்வதை இவர்களிடமும் சொல்வேன். யாருக்கும் ஒரு சொல்லையும் மாற்றிச் சொன்னதில்லை. அதனால்தான் என் பேச்சை யாரும் சந்தேகப்படவில்லை.

பிரேமினி என் மனைவி. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். அவள் மலையில் ஏறினால் மற்றப் பெண்கள் பின்னால்தான் வருவார்கள். நாங்கள் சேர்ந்து ஹட்டன் டவுனுக்குப் போனாலும் அப்படித்தான். விறுவிறுவென்று முன்னால் போய்விட்டு, திரும்பிப் பார்த்து, எனக்காக நிற்பாள். கல்யாணமான புதிதில் அதைச் சொல்லிச் சிரிப்போம். பிறகு நான் சிரிப்பதை விட்டுவிட்டேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பி, கொட்டகலையில் ஒரு தையல் கடை போட வேண்டும் என்பது அவள் எண்ணம். பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. ஏஜென்சிக்காரன் மெடிக்கலுக்கு நாள் சொல்வதாக இருந்தான். நான் தடுக்கவில்லை. தடுத்தால் இன்னும் சீக்கிரமாகப் போய்விடுவாள் என்று தெரியும்.

அந்த நேரத்தில்தான் மழையில் வழுக்கித் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தாள். கொழுந்துப் பை நிறைந்திருந்தது, அதன் கயிறு தலையில் இருந்தது. உடம்பு ஒரு பக்கமும் பாரம் இன்னொரு பக்கமுமாய் இழுத்ததாகச் சொன்னாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்தார்கள். இடுப்பில் கடுப்பு நிற்கவில்லை; தொடை வரை இறங்கி இழுத்தது. மாதங்கள் கழிந்தும் போகாததால் பெரிய ஆஸ்பத்திரி க்ளினிக்குக் கூட்டிப்போனேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டிப்போனவன் நான்தான்.

அங்கே இருந்த டொக்டர் மாத்தயா சிங்களவர், நல்ல மனிதர். வெளியே அவ்வளவு கூட்டம் காத்திருந்தும், எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி என்னிடம் விளக்கினார். அவர் சொன்னதை இன்றைக்கும் நான் பிசகாமல் சொல்வேன். எலும்பு உடையவில்லை, நரம்பு நசுங்கவில்லை. விழுந்தபோது பிடித்துக்கொண்ட தசை எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் மாதக்கணக்காக நிற்கிற வலி வேறு மாதிரி. கள்ளன் ஓடிப்போன பிறகும் நாய் குரைத்துக்கொண்டே இருக்குமல்லவா, அப்படி ஆபத்து போன பிறகும் உடம்பு வலிக்கும். நாயை அடிக்க வேண்டியதில்லை, பழக்க வேண்டும். அதற்கு நடக்க வேண்டும், இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்கு இன்னும் கொஞ்சம். வலிக்கிறதே என்று படுத்துவிட்டால் தசை வற்றும். வற்றினால் இன்னும் வலிக்கும். தலையில் பாரம் மாட்டிச் சரிவில் நின்று வேலை செய்கிற இந்த ஊரில் பாதிப் பேருக்கு இதே முதுகுதான் என்றார். மாத்திரை துணைக்கு மட்டும். இந்த வலி பாதிக்கு மேல் பயத்தைத் தின்றுதான் வளர்கிறது, அதனால் முதலில் பயத்தைப் போக்குங்கள் என்று என்னிடம் சொன்னார்.

கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ உடனே கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார். அதை மட்டும் நான் பிரேமினியிடம் அப்படியே சொன்னேன். நான் கொலைகாரன் இல்லை.

கடைசியில் அவர் அவள் பக்கம் திரும்பி, சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி, "ஹெமதாம அவிதின்ன" என்றார். தினமும் நடங்கள் என்று அர்த்தம்.

வெளியே வந்ததும் அவள் சிரித்தாள். "டொக்டருக்குத் தமிழ் தெரியுது போல. என்னத்தையோ அவிச்சித் திங்கச் சொன்னாருல்லங்க?"

அவளுக்குச் சிங்களம் கடைத்தெரு அளவுக்குத்தான் தெரியும். நான் அங்கேயே திருத்தியிருக்கலாம். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம், ஊருக்கெல்லாம் சொல்லியிருப்போம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஆஸ்பத்திரிப் படி இறங்குவதற்காக அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முன்னால் போகாமல் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது எனக்குப் புதிதாக இருந்தது.

"ஆமா புள்ள. எண்ணெய் சேக்காம அவிச்சிச் சாப்பிடச் சொன்னாரு" என்றேன்.

கவனித்துப் பாருங்கள் மேடம், தப்பாகக் கேட்டது அவள். நான் ஆமாம் போட்டேன், அவ்வளவுதான்.

அவித்துக் கொடுத்தேன். மரவள்ளிக் கிழங்கு, பயறு, பூசணி, பீட்ரூட். நானே சமைத்தேன், நானே துணி துவைத்தேன். வேலைக்குப் போகலாமா என்று அந்த வாரமே கேட்டாள். வெளியே மழை, பாதையெல்லாம் சேறு. படுத்திருக்கத்தான் சொன்னார் என்றேன். அது நான் சேர்த்தது, ஒத்துக்கொள்கிறேன். மழை விட்ட பிறகு அதை எப்படித் திரும்ப எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எடுக்கவும் தோன்றவில்லை. மத்தியானம் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், கதவுச் சத்தத்துக்கே "வந்துட்டீங்களா" என்று ஒரு குரல் வரும். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அந்த நேரத்துக்கு அவள் எப்போதும் மலையில் இருப்பாள்.

அடுத்தடுத்த க்ளினிக்குகளில் டொக்டர் கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொன்னேன். தினமும் நடக்கிறாளா என்று கேட்டார். நடக்கிறாள், ஆனால் வலி கூடுகிறது என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கி மாத்திரையை மாற்றினார், பிறகு கூட்டினார். பிரேமினி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன சொல்கிறார் என்று கேட்பாள். பொறுமையாக இருக்கச் சொல்கிறார் என்பேன். பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு அக்கா, இந்த மாதிரி ஒரு ஆம்பளையைத் தான் பார்த்ததேயில்லை என்று தன் புருஷனுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்வார். அதைக் கேட்டு பிரேமினி என் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கியது. பொய்யாக இல்லை.

ஆனால் அவள் சும்மா கிடக்கிறவள் இல்லை. நான் டவுனில் இருக்கும்போது சுவரைப் பிடித்து எழுந்து நடந்து பார்த்திருக்கிறாள். ஒருநாள் தண்ணீர்ப் பீலி வரைக்கும் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள் என்று சண்முகவடிவு அக்காதான் சந்தோஷமாக என்னிடம் சொன்னார். வீட்டுக்குள் போனால் பிரேமினி தலை வாரிப் பூ வைத்திருந்தாள். ஏஜென்சிக்காரனுக்கு ஒரு கோல் எடுத்துப் பார்ப்போமா என்று கேட்டாள். பார்ப்போம் என்றேன்.

அடுத்த க்ளினிக்கில் அவள் கதவிலிருந்து நாற்காலி வரை என்னைப் பிடிக்காமல் நடந்தாள். டொக்டர் முகம் மலர்ந்து, "ஹரி ஹொந்தாய்", ரொம்ப நல்லது என்றார். இன்னும் கொஞ்ச நாளில் உங்கள் மனைவி வேலைக்கே போகலாம் என்று என்னிடம் சொன்னார். திரும்பி வரும் வழியில் ஆட்டோவை ஓரமாக நிறுத்தினேன். அங்கேதான் நான் அதைச் சொன்னேன். பொலிஸில் இந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

நடு எலும்பில் விரிசல் இருப்பதாகப் படத்தில் தெரிகிறது, இன்னொரு தடவை தப்பாக அசைந்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று டொக்டர் சொன்னதாகச் சொன்னேன்.

"ஹொந்தாய்ன்னு சொன்னாரேங்க" என்றாள் அவள்.

"நல்ல நேரத்துல கூட்டியாந்தீங்கன்னு சொன்னாரு."

"அப்ப ஏன் சிரிச்சாரு?"

"நீ பயந்துறக் கூடாதுன்னு."

அன்று பொழுது சாய்வதற்குள் அவளால் ஒரு பக்கமிருந்து மறு பக்கம் புரள முடியவில்லை. நடிப்பில்லை, மேடம். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், தலையணை வியர்வையில் நனைந்திருந்தது. எலும்பில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். டொக்டர் பயத்தைப் பற்றிச் சொன்னது எவ்வளவு சரி என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. படித்தவர் படித்தவர்தான். வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தேன். "நீங்க இல்லன்னா நான் என்னாவேன்" என்றாள். நான் துணியைத் திரும்பவும் வெந்நீரில் நனைத்தேன். ஏஜென்சிக்காரனிடம் வேண்டாமென்று சொல்லிவிடும்படி அவளே சொன்னாள்.

அதன் பிறகு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலவாக்கலையில் அவள் அம்மா இறந்தபோது அண்ணன் சின்னராசா வேனில் மெத்தை போட்டுக்கொண்டு வந்தார், கூட்டிப்போக. நான் வாசலில் நின்றேன், வாயைத் திறக்கவேயில்லை. அவள்தான் மாட்டேன் என்றாள். "ரோட்டுல குலுங்குனா ஒடஞ்சிருவேண்ணே." அவர் அழுதுகொண்டே வேனைத் திருப்பினார். அடக்கம் நடந்த நேரத்தில் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கிடந்தாள்; நான் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டேன். கால் அப்போதே மெலிந்திருந்தது. கக்கூசுக்குத் தூக்கித்தான் போவேன். தூக்குவது எனக்குப் பாரமாகவே இருந்ததில்லை.

எத்தனை மருந்து மாற்றியும் கேட்காததால் டொக்டருக்குக் குழப்பம். உடற்பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே புதிதாக ஒரு பெண்பிள்ளை வேலைக்கு வந்திருந்தது. அனோஜா என்று பெயர், யாழ்ப்பாணம். நான் வழக்கம்போல முன்னால் போய், கேட்பதை என்னிடம் கேளுங்கள், நான் அவளுக்குச் சொல்கிறேன் என்று சிங்களத்தில் சொன்னேன்.

"தேவையில்லை அண்ணா. நானும் தமிழ்தானே" என்று அந்தப் பிள்ளை நாற்காலியை இழுத்துப் பிரேமினிக்கு முன்னால் போட்டுக்கொண்டது.

பிரேமினி உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலியின் பிடியில் இருந்த என் கையை நான் எடுக்கவில்லை.

"ஏன் அக்கா நீங்கள் நடக்கிறேல்லை? டொக்டர் ஒவ்வொரு முறையும் நடக்கச் சொல்லித்தானே விடுறவர்."

பிரேமினி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பணிவாகச் சொன்னாள். "நடக்கச் சொல்லலைங்க மிஸ். அவிச்சித் திங்கத்தான் சொன்னாரு. அன்னையிலருந்து அவிச்சித்தான் திங்கிறேன்."

அந்தப் பிள்ளைக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு "அவிதின்ன" என்று மெதுவாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நடந்தா எலும்பு ஒடஞ்சிறாதுங்களா?" என்று பிரேமினி கேட்டாள்.

"ஒரு எலும்பும் உடையாது அக்கா. உங்கட எலும்புக்கு ஒண்டுமில்லை."

"எப்பருந்து ஒண்ணும் இல்ல?"

"முதல் நாளில இருந்தே."

"எங்கம்மா..." என்று பிரேமினி தொடங்கினாள், அதோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு நாற்காலியின் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். கால்கள் வெடவெடவென்று நடுங்கின. விழுந்துவிடுவாளோ என்று பதறி நான் கையை நீட்டினேன். அவள் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது கொட்டகலையில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். பார்க்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு, நான் மீறவில்லை. தினமும் நடக்கிறாளாம். முதலில் வாசல் வரைக்கும், இப்போது கம்பை ஊன்றிக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் என்று ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவன் சொன்னான். பாஸ்போர்ட்டை எடுத்து வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தாள். கொடுத்துவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நடந்தால் குணமாகிவிடுவாள் என்று தெரிந்துதான் படுக்க வைத்தேன். குணமாகத் தொடங்கியபோது பயம் காட்டித் திரும்பவும் படுக்க வைத்தேன். வலி தானாகக் குறைந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். எல்லாம் தெரிந்துதான் செய்தேன். கையை ஓங்கியதில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை, ஒரு வேளைகூடப் பட்டினி போட்டதில்லை. வலிக்கிறது என்று அவள் சொன்னால் ஓடி வருவதற்கு ஆள் இருந்தது. குவைத்தில் யார் இருந்திருப்பார்கள்?

இங்கிருந்து நீங்கள் அவளைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு உதவி செய்யுங்கள். இன்னும் கொஞ்சமாவது வலிக்கிறதா என்று அவளிடம் கேட்டு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். வலி இல்லை என்று சொன்னால், சொல்லி அனுப்ப வேண்டாம்.