வாய் மட்டும் பாக்கி

"ஆடாம இருங்கன்னு எத்தனை வாட்டி—"

"கழுத்து வலிக்குதுடி, மனுஷன் என்ன மரக்கட்டையா—"

"அஞ்சே நிமிஷம், இந்த மூக்கை மட்டும்—"

"மூக்கா அது? நான் கத்திரிக்காய்னுல்ல நினைச்சேன்!"

எங்கள் வீட்டில் காலைப்பொழுது இப்படித்தான் தொடங்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. சண்டை என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளே, அது சண்டை இல்லை. நான் என் வீட்டுக்காரரை வரைந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அறுபத்தேழு வயதில் தூரிகை பிடித்தவள் நான். மகள் ஒரு வண்ணப் பெட்டி வாங்கித் தந்தாள். முதல் நாள் ஒரு கோப்பையை வரைந்தேன். அது கோப்பை மாதிரியே இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோதுகூட, அடடா என்ன வெள்ளை என்று நின்று பார்த்தேன். பிறகு செவ்வாய்தோறும் நூலக மாடியில் வகுப்பு. மாதக் கடைசியில் கண்காட்சி, ஆளுக்கு ஒரு முகம். ஆசிரியை ஒரே நிபந்தனை போட்டாள்: "போட்டோ பார்த்து வரையக் கூடாதும்மா. ஆளை எதிர்ல உக்கார வெச்சுத்தான் வரையணும்."

எனக்கு இருந்த ஆள் இவர் ஒருவர்தான். முப்பத்தெட்டு வருடம் சலூன் வைத்து, வந்தவர் தலையையெல்லாம் பிடித்து அடக்கியவர். தாம் உட்கார்ந்தால் மட்டும் நிமிடத்துக்கொரு தரம் எழுந்து வந்து எட்டிப் பார்ப்பார். "இது யாரு, உங்கண்ணனா?" என்பார். "இதைக் கடை வாசல்ல மாட்டியிருந்தா ஒருத்தன் உள்ள வந்திருக்க மாட்டான்" என்பார். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை நான். எழுந்தால் முகத்தில் விழுகிற வெளிச்சம் மாறிவிடும்; அதுதான் என் கவலை.

அதனால்தான் அவருடைய தூக்க மாத்திரை ஒன்றைப் பொடித்துக் காலைப் பாலில் கலந்தேன். என்ன அழகாக உட்கார்ந்தார் தெரியுமா. ஒரே மூச்சில் நெற்றி முடிந்தது. மூட்டுவலியோடு அடுப்படிக்குப் போய், யாரும் பார்க்காமல் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். மறுநாள் கன்னங்கள்; அதற்கு இரண்டு மாத்திரை. வகுப்பில் படத்தின் மூடிய கண்களைப் பார்த்து ஆசிரியை, "தியானத்துல இருக்கிற மாதிரி இருக்கும்மா" என்று மெச்சினாள்.

வாய் மட்டும் பாக்கி. தூக்கத்திலும் அந்த வாய் ஓயாது. கோணும், முணுமுணுக்கும், இதோ கிண்டல் பண்ணப் போகிறேன் என்று நிற்கும். நேற்றுக் காலை வாய்க்கு எத்தனை போட்டேன் என்று எண்ணவில்லை. டப்பாவைக் கவிழ்த்தேன்.

"பால் கசக்குதே."

"உங்க நாக்கு அப்படி."

முழுவதும் குடித்தார்.

பதினோரு மணி வாக்கில் உதடு நின்றது. தோலில் நீலம் இருக்கிறது, தேடுங்கள் என்று ஆசிரியை வாராவாரம் சொல்வாள். அதுவரை என் கண்ணில் படாத நீலம் உதட்டோரம் தானாக வந்து நின்றது. அதைக் குழைக்கும்போது சந்தோஷத்தில் எனக்கு மூச்சு முட்டியது.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். படம் முடிய வேண்டியிருந்தது. வேறு காரணம் இல்லை. அவர் பேச்சின்மேல் கோபம் துளியும் இல்லை.

முடித்ததும் ஈரம் காயுமுன் படத்தைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். கை கடுக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏங்க, இப்பவாவது நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."