மங்கலாய் ஒளிர்ந்த துளியைக் கண்டுகொண்ட பொனாரியா மாஷா அம்மையாருக்குப் பணி ஓய்வு வாழ்த்து மடல்

முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கண்ணாய், கருத்தாய், காலை ஏழு மணிக்கே கதவைத் திறக்கும் கையாய் விளங்கிய மாண்புடையீர்! மொச்சை காய்க்கும் மாதங்களில் சார்தீனியத் தீவின் சமவெளித் தாய்மார்களெல்லாம் உம்மைக் கேட்காமல் உலை வைப்பதில்லை என்னும் பெருமை பெற்ற பெருந்தகையே! வணங்கி வாழ்த்துகிறோம்.

பணிமூப்பின்படி இம்மடலை எழுதும் பேறு உங்கள் எதிர்மேசைக்காரர் சிசின்னியோ ஓர்ருவின் தலையில் விழுந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளாக அவர் உங்களைப் பார்த்துப் புழுங்கிய புழுக்கத்தில் இக்கூடத்தின் குளிர்பெட்டியே இருமுறை பழுதானது என்பார்கள். ஆகவே இதில் புகழ்ச்சி குறைந்தால் அது அவருடைய கைவரிசை. கூடினால் அது எங்கள் திருத்தம்.

ஜி6பிடி என்றொரு மரபணு. அது சமைத்துத் தரும் புரதம் சிவப்பணுவுக்குக் கவசம். அக்கவசம் மெலிந்தவர் ஃபாவா மொச்சையைத் தின்றால் சிவப்பணு சிதையும், சிறுநீர் கறுக்கும், முகம் மஞ்சளிக்கும். நம் தீவில் அந்த மெலிவும் மிகுதி, மொச்சையும் மிகுதி. இரண்டுக்கும் நடுவே சலியாது நின்றவர் நீங்கள்! துளி இரத்தத்தைத் தாளில் இட்டு, புறஊதா விளக்கின் கீழே பிடித்து, ஒளிர்ந்தால் உண்க, இருண்டால் ஒதுங்குக என்று தீர்ப்புரைத்த நீதியரசி நீங்கள்!

அதே விளக்கின் கீழே அதே துளிகளைத்தான் சிசின்னியோவும் பார்த்தார். ஆனால் நன்றிக் காணிக்கையான ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி உருண்டை உருண்டையாக உங்கள் மேசைக்கே வந்தது. அவர் சன்னலுக்கு வந்தவர்கள், "டாக்டரம்மா இல்லையா? சரிங்க, நாளைக்கு வர்றோம்" என்று திரும்பிப் போனார்கள். இதைக் கேட்டுக் கேட்டு ஒருவர் எத்தனை நாள் நல்லவராக இருக்க முடியும்?

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், அந்த மரபணுவில் எவரும் காணாத ஒரு மாற்றத்தை நீங்கள் கண்டறிந்தீர்கள். கண்ட ஊரின் பெயரைச் சூட்டுவது இத்துறை வழக்கம். நீங்கள் கடற்கரை ஊர்க்காரர். ஆயினும் சூட்டிய பெயரோ "ஓர்தூரி". அது சிசின்னியோ பிறந்த ஊர்!

"என் ஊரை ஏன்மா தூக்கிட்டீங்க? உங்க ஊர்ல பேருக்கா பஞ்சம்?" என்று அவர் பொங்கினார்.

"உங்க ஊர்க்காரங்க ரத்தத்துலதான் கெடைச்சுது. வேணும்னா ஊர்வலம் விடு" என்றீர்கள்.

எந்த ஊர்க்காரர் என்று அவர் கேட்கவில்லை. பொறாமைக்குக் கேள்வி கேட்கத் தெரியாது. முறைக்க மட்டுமே தெரியும்.

சென்ற வாரம், உங்கள் பணிச் சிறப்புகளைத் தொகுப்பதாகச் சொல்லிப் பழைய குறிப்பேடுகளை இறக்கினார். உண்மையில் அவர் தேடியது உங்கள் பிழை ஒன்றை. ஒரு கூட்டல் தவறு கிடைத்தாலும் போதும் என்றிருந்தார். கிடைத்தது அவருடைய பிழை.

ஒவ்வொரு நாளும் சோதனைத் துளிகளை நலமுள்ள ஒருவரின் துளியோடு ஒப்பிட்டே தீர்ப்புச் சொல்வோம். புதிதாய்ச் சேர்ந்த சிசின்னியோ, "பத்துத் தலைமுறையா மொச்சை தின்ன ரத்தம் சார் இது!" என்று மார்தட்டி, ஒரு குளிர்காலம் முழுக்கத் தம் விரலையே குத்தித் தம் மேசைக்கு அந்த ஒப்புத் துளியை எடுத்துவந்தார். அதை ஒருவரும் சோதிக்கவில்லை. உங்கள் ஏட்டில், ஒரு பிப்ரவரிப் பக்கத்தில் இருந்தது: "ஒப்புத் துளியே மங்கல். மூன்று முறை பார்த்தேன். சிசின்னியோவுக்கே குறை." "ஓர்தூரி" கிடைத்த இரத்தம் அவருடையதேதான்! மங்கலோடு ஒப்பிட்டால் மங்கலும் நலமாகத்தானே தெரியும்! அடுத்த நான்கு பக்கங்களில் அறுபத்து மூன்று பெயர்கள். அவர் நலம் என்று அனுப்பியவர்களை மொச்சை காய்க்கும் முன்னரே நீங்கள் ஒவ்வொருவராக அழைத்து, மறுபடி சோதித்து, பதினொரு பேரைத் தடுத்து நிறுத்தியிருக்கிறீர்கள். ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை. அந்நாள்களில் ஓயாமல் தொலைபேசியில் இருந்த உங்களைப் பார்த்து, "என்ன டாக்டர், தேர்தல்ல நிக்கிறீங்களா?" என்று கிண்டல் செய்தவர் யாரென்று சொல்லவும் வேண்டுமோ! பிறகொரு நாள் அவர் விழுங்கப்போன, மொச்சையைப் போலவே சிவப்பணுவைச் சிதைக்கும் மாத்திரையைப் பிடுங்கி எறிந்து, "வேற எழுதி வாங்கு" என்று நீங்கள் அதட்டியதன் பொருளும் இப்போதுதான் விளங்கிற்று.

நேற்று முன்தினம் அவர் உங்களைத் தொலைபேசியில் கேட்டார்: "ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"அப்ப உன் வேலை நிரந்தரமாகலயே. வெளிய தெரிஞ்சா மறுநாளே அனுப்பிருப்பாங்க."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீ முறைக்கிற முறைப்பைப் பாத்தா சிரிப்பு வந்துரும், விட்டுருவேன். அந்த மடல்ல இதையெல்லாம் எழுதிக் கிழிக்காதே, தெரியுதா?"

எழுதிவிட்டார். எழுதாவிட்டால் அறுபத்து மூன்று வீடுகளுக்கு நீங்கள் ஆற்றிய தொண்டு ஏட்டுக்குள்ளேயே மடியும். எழுதினால் புதிதாய் வந்த பிள்ளைகள் முன் அவர் முகம் சிறுக்கும். இரவல் மானத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் நிமிர்ந்து நடந்தது போதும் என்று அவர் சொன்னபோது, அவர் மூக்கு சிவந்திருந்தது. பொறாமை தீர்ந்ததா என்றோம். "எங்க தீருது? முன்னே அவங்க மூளையைப் பாத்துப் பொறாமை. இப்ப மனசையும் சேத்துப் பட வேண்டியிருக்கு" என்றார்.

அன்புடையீர்! நோயின்றி, நோவின்றி, காலை ஏழு மணிக்குக் கதவைத் திறக்கவேண்டிய கட்டாயமுமின்றி, நூறாண்டு வாழ்க! கடற்காற்று உங்கள் சன்னலைத் தட்டட்டும், கடமை தட்டாதிருக்கட்டும்!

இம்மடலைச் சட்டமிட்டு உங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டுவீர்கள் என்று நம்புகிறோம். சிசின்னியோவின் விண்ணப்பமும் அதுவே: தம் பிழை தொங்குவதானால் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் தொங்கட்டும், அந்த இடத்துக்குத்தான் அவர் இத்தனை ஆண்டுகள் ஏங்கினாராம்.

என்றும் உங்கள்,
இரத்தப் பரிசோதனைக் கூடப் பணியாளர்கள் பதினால்வர்