வீட்டைச் சேர்ந்த ஹுவானா

தலைமை வகிக்கும் அருட்தந்தை லேயாந்த்ரோ அவர்களே, நம் வம்சாவளிக் கழகத்தின் தலைவர் டோன்யா பெனீதா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மறைந்தவரின் தம்பி டோன் உபால்தோ கராஸ்கல் அவர்களே, இந்தப் பனியிலும் வண்டி ஓட்டிக்கொண்டு பங்குக் கூடத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

மேடையில் பேசி எனக்குப் பழக்கமில்லை. முப்பத்தோராண்டு பள்ளியில் வடிவகணிதம் நடத்தியவன். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசியவன். ஆகவே குறிப்புகளுக்கு எண் போட்டு எழுதி வந்திருக்கிறேன்.

1. டோன்யா ஓர்லிண்டா கராஸ்கல் கழகத்துக்குச் செய்த பணி.
2. கராஸ்கல் குடும்ப வரலாற்று நூலின் முதல் பக்கம்.
3. அவர் என்னைப் ‘பிரீமோ’ என்று அழைத்தது அன்பினால் மட்டுமே. எங்களுக்குள் இரத்த உறவு இல்லை.
4. நாம் எடுக்க வேண்டிய உறுதி.

இவற்றைச் செவ்வாய்க்கிழமை எழுதினேன். இன்று சனிக்கிழமை. இடையில், நேற்று, ஒரு தாளைப் பார்த்தேன். இருந்தும் எழுதியதை எழுதியபடியே வாசித்துவிட்டேன். திருத்துவதானால் உங்கள் முன்னால்தான் திருத்த வேண்டும் என்று தோன்றியது. அது சரியா என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் குறிப்பு.

மாவட்ட நூலக வண்டியை இருபத்தாறு ஆண்டுகள் ஓட்டியவர் யார்? டோன்யா ஓர்லிண்டா! ஆற்றோரச் சிற்றூர் ஒவ்வொன்றிலும் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, பதிலுக்கு ஒரு பெயரை வாங்கி வந்தவர் யார்? டோன்யா ஓர்லிண்டா! உடைந்துபோன வண்டிக் கண்ணாடியைத் தூக்கி எறியாமல், கல்லறைக்குக் கல்லறை எடுத்துச் சென்று, வெயிலைச் சாய்வாகப் பாய்ச்சி, தேய்ந்த எழுத்துகளை எழுப்பியவர் யார்? அவரேதான். நான் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றேன்.

ஒருமுறை மலையடிவாரத்தில் ஒரு வயதான அம்மாள் கதவைப் பாதி திறந்து, “புத்தகம் எதுக்கு? எனக்குத்தான் கண்ணு தெரியாதே” என்றார். “அப்ப நீங்க சொல்லுங்க, நான் படிக்கிறேன்” என்று ஓர்லிண்டா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரம். நாற்பத்து மூன்று பெயர்கள். எழுந்தபோது அந்த அம்மாள், “சிலுவை போட்டுக் கும்பிடறப்பகூட இத்தனை பேர நான் நெனச்சதில்ல” என்றார்.

நம் பள்ளத்தாக்கில் எல்லோரும் எல்லோரையும் பிரீமோ, பிரீமா என்கிறோம். சொந்தக்காரர் என்று பொருள். பாதி வேடிக்கை, பாதி உண்மை. எனக்குப் பாதி உண்மை போதாது. “ஆதாரம் இல்லாம என்னை அப்படிக் கூப்பிடாதீங்க, டோன்யா” என்று நான் சொல்வேன். “ஆதாரம் கெடைக்கிற வரைக்கும் எப்படிக் கூப்பிடறது? ‘ஏய், கணக்கு’ன்னா?” என்பார். நாற்பது ஆண்டுகள் இதையே பேசினோம்.

செவ்வாய் காலை, அவர் போய்விட்டார் என்று தொலைபேசி வந்தது. நன்றி என்று சொல்லி வைத்தேன். பிறகு, சீவிக்கொண்டிருந்த பென்சிலைச் சீவி முடித்தேன். வேறெதுவும் நடக்கவில்லை. இன்னும் நடக்கவில்லை.

இரண்டாம் குறிப்பு.

நூலின் முதல் பக்கத்தை வரைந்தவன் நான். மாட்டு வண்டிகளோடு தெற்கிலிருந்து வந்து குடியேறிய கேப்டன் செபஸ்தியான் கராஸ்கல் உச்சியில் இருக்கிறார். அவருக்குக் கீழே 1701இல் ஞானஸ்நானம் பெற்ற மகள் ஹுவானா. அவளுக்குத் திருமணம் 1719இல். அக்காலத்தில் சிலர் செய்ததுபோல் அவளுடைய மூன்று மகன்களும் தாயின் குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். இன்றைய கராஸ்கல்கள் எல்லோரும் அந்த மூவரின் வழி. பதினேழு ஆண்டுகளாக ஒவ்வொரு செப்டம்பர் திருவிழாவிலும் டோன் உபால்தோ கேப்டன் வேடத்தில் குதிரையேறி வருகிறாரே, அந்த உரிமை என் முதல் பக்கத்திலிருந்து வந்தது.

என் வம்சம் வேறு. 1704இல், சமவெளியில் சிறைபிடிக்கப்பட்ட இரண்டு பழங்குடிக் குழந்தைகளைக் கேப்டன் தன் வீட்டு வேலைக்கு வாங்கினார். அண்ணனும் தங்கையும். ஒரே நாளில் ஞானஸ்நானம். பெற்றோர் பெயர் தெரியாது என்று பதிவு. பையனுக்கு அந்தோனியோ என்று பெயரிட்டார்கள். நான் அவன் வழி வந்தவன். சிறுமிக்கு ஹுவானா என்று பெயரிட்டார்கள். அதன் பிறகு அவளைக் காணோம். எங்கே போனாள்? இறந்தாளா? தெற்கே விற்றுவிட்டார்களா? நாற்பது ஆண்டுகள் தேடினேன். மூன்று பங்குகளின் அடக்கப் பதிவேடுகளையும் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். ஓர்லிண்டாவும் என்னோடு சேர்ந்து தேடினார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் ஒரு நகலைக் கொண்டுவந்தார். 1703ஆம் ஆண்டின் அடக்கப் பதிவு.

“இதப் பாருங்க, பிரீமோ.”

பார்த்தேன். “ஹுவான்னு இருக்கு. ஆண் குழந்தை. கடைசில ‘ஆ’ மாதிரி இருக்கறது மைக்கறை.”

“கறையா?”

“கறைதான்.”

“சரி. கண்ணாடிய மாத்திட்டு இன்னொரு தரம் பாருங்க.”

நான் பார்க்கவில்லை. ஏன்? பார்வை மங்கியிருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அச்சம் என்பதே சரியான சொல். நூல் அச்சுக்குத் தயாராக இருந்தது. முதல் பக்கம் என்னுடையது. அவர் வாதாடவில்லை, நூலை அச்சுக்கு அனுப்பவுமில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் நீங்கள் காரணம் கேட்டீர்கள். “பிரீமோவோட கண்ணாடி தயாராகட்டும்” என்றார். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

நேற்று மதியம் டோன் உபால்தோ தம் சமையலறை மேசையில் அக்காவின் பெட்டியை வைத்தார். மேலாக அதே நகல். அதன்மேல் ஒரு பூதக்கண்ணாடி. போன மாதம் எனக்குக் கண்புரை அறுவை நடந்தது. அது ஓர்லிண்டாவுக்குத் தெரியும். படித்தேன். ‘ஹுவானா, இரண்டு வயது, கேப்டன் செபஸ்தியான் கராஸ்கலின் மகள்.’ கறை இருந்தது, அடுத்த வரியில்.

அப்படியானால் 1719இல் மணமுடித்தவள் யார்? திருமணப் பதிவில் அவளை மகள் என்று எழுதவில்லை. ‘கேப்டனின் வீட்டைச் சேர்ந்த ஹுவானா’ என்றுதான் இருக்கிறது. மூன்று ஆண்டு கழித்து நடந்த இன்னொரு திருமணத்துக்கு, அதே பாதிரியாரின் கையெழுத்தில், ‘கேப்டனின் வீட்டைச் சேர்ந்த அந்தோனியோ.’ ஒரே சொற்கள். ஆணுக்கு அதை வேலைக்காரன் என்று படித்தவன் நான். பெண்ணுக்கு அதையே மகள் என்று படித்தவனும் நான். அவளுக்குக் கீழே ஒரு பெரிய குடும்பம் நின்றது, அதனால். மகளைப் புதைத்த மறு ஆண்டு வீட்டுக்கு வந்த சிறுமிக்கு, செத்த மகளின் பெயரையே வைத்தார்கள்; வீட்டாரின் குடும்பப் பெயரும் அவளோடு ஒட்டிக்கொண்டது. நான் நாற்பது ஆண்டு தேடிய தங்கையை என் கையாலேயே முதல் பக்கத்தில், இறந்த குழந்தைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தேன்.

டோன் உபால்தோவிடம் சொன்னேன்.

“அப்போ நான் யாரு? பதினேழு வருஷமா அந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டுக் குதிரையில போறேனே!”

“நீங்க வேலைக்கு வந்த ஹுவானாவோட வழி, டோன் உபால்தோ. கேப்டனோட வழி இல்ல.”

“அக்காவுக்குத் தெரியுமா?”

“இரண்டு வருஷமாத் தெரியும்.”

“தெரிஞ்சுக்கிட்டேவா போன செப்டம்பர்ல என் தொப்பிக்குப் புது இறகு தச்சுக் கொடுத்தா?” என்றார். சிரித்தாரா இருமினாரா, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்று இதைப் பேசலாமா என்று கேட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காபி ஊற்றி, பிஸ்கோச்சோ பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். “குதிரையத்தான் என்ன பண்றது?” என்று மட்டும் கேட்டார்.

ஓர்லிண்டா ஏன் தாமே திருத்தவில்லை? முதல் பக்கத்தை வரைந்தவன் நான். நானே அழிக்கட்டும் என்று காத்திருந்தார். அவருடைய குடும்பத்தின் கேப்டன் போகிறார் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. நான் பொருட்படுத்தினேன். இரண்டு ஆண்டு, நான் தலை நிமிர்ந்து பார்ப்பேன் என்று அவர் காத்திருந்தார். நான் பார்த்தபோது அவர் இல்லை.

நான்காம் குறிப்பு. மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன், மன்னியுங்கள்.

முதல் பக்கத்தை அழிப்போம். உச்சியில் பெற்றோருக்கான இரண்டு கட்டங்களை வெறுமையாக விடுவோம். அவற்றுக்குக் கீழே அந்தோனியோ, ஹுவானா. இரண்டு வயதில் இறந்த ஹுவானாவுக்குத் தனியாக ஓர் இடம் கொடுப்போம். அதுவும் அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதுதான். இந்த ஆண்டே நூல் அச்சேறும். அட்டையில் ஓர்லிண்டா கராஸ்கல் பெயர் மட்டும் இருக்கும். கழகத்தில் எவரேனும் எதிர்த்தால் நான் எழுந்து நின்று பேசுவேன். குரல் நடுங்கும். இருந்தாலும் பேசுவேன்.

நகலின் பின்புறம் அவர் பென்சிலால் எழுதியிருந்ததையும் உங்களுக்கு வாசித்துவிடுகிறேன். ‘கட்டங்களை எண்ணிட்டேன். நமக்குள்ள ஒன்பது தலைமுறை. இப்பவாச்சும் கூப்பிடலாமா?’

அந்தோனியோவும் ஹுவானாவும் ஒரு தாய் பிள்ளைகள். நான் அவன் வழி. அவர் அவள் வழி. நேற்று நானும் எண்ணிப் பார்த்தேன், இரண்டு முறை. ஒன்பதுதான்.

ஆகவே, என் மூன்றாவது குறிப்பு தவறு.

கூப்பிடலாம், பிரீமா.