பின்சீட்டுக் கதைகளுக்கு நான் எழுதுன விமர்சனம்

இல்ல சார், நல்லாத்தான் எழுதிக்கீறீங்க. சும்மா வாய்க்கு சொல்லல. இந்த நாவல்ல மழை பெய்யாத பக்கமே இல்ல, குடை எடுத்துக்கினு படிங்கன்னு போட்டுக்கீறீங்க பாருங்க, அத்தப் படிச்சிட்டு காலைல பஸ்ஸுலயே சிரிச்சிட்டேன். பக்கத்துல உக்காந்துக்கினு இருந்த ஆளு ஒரு மாதிரி பாத்தாரு. உங்களுக்கு கை வருது ஸ்ரீநாத் சார். மொத பதிவு, போடலாமா வேணாமான்னு கேக்க கொரட்டூர்லேர்ந்து இந்த பாடி டீக்கடை வரைக்கும் வந்துக்கீறீங்க. உக்காருங்க. எனக்கு ஷிஃப்ட்டுக்கு இன்னும் முக்கா மணி நேரம் கீது. மாஸ்டர், ரெண்டு டீ, ஒண்ணுல சக்கர கம்மி.

மொதல்ல சின்ன விஷயமெல்லாம் சொல்லிட்றேன். பிளாக்குக்குப் பேரு சின்னதா வைங்க. நீங்க வெச்சுக்கீற பேரு ஒரே மூச்சுல சொல்ல முடியல. அப்பால ஃபோட்டோ. புக்கு பக்கத்துல டபரா செட்டு, ஒரு பூவு, ஒரு கண்ணாடி, இதெல்லாம் வேணாம், ஊரே அத்ததான் போடுது. ஜன்னலாண்ட வெளிச்சத்துல வெச்சி எடுங்க, போதும். எழுதுனவங்கள கேட்டு ஓசியில புக்கு வாங்காதீங்க. அவங்களா குடுத்தா வாங்குங்க. அதுவும் யோசிச்சு வாங்குங்க.

எத்தினி பேரு படிக்கிறாங்கன்னு தெனம் பாக்காதீங்க. நான் பாத்தேன். மொத வருஷம் ஒரு பதிவுக்கு ஏழு பேரு. அதுல நாலு நானு. வெவ்வேற ஃபோன்ல தெறந்து பாப்பேன். ஒண்ணு விஷாலு, எங்க ஃபேக்டரில குவாலிட்டில கீறான், அவன்தான் எனக்கு பிளாக்கே தெறந்து குடுத்தான். மீதி ரெண்டு பேரு ஆருன்னு யோசிச்சிக்கினே மெஷின் ஓட்டுவேன்.

நானா? நான் ஐ.டி.ஐ. சார். படிப்புக்கும் எனக்கும் ரொம்ப தூரம். கொரோனால ஃபேக்டரி மூடிட்டாங்க. ஆவடில எங்க மாடி ஊட்ல இருந்தவங்க காலி பண்ணிக்கினு போசொல்ல ஒரு மூட்டை புக்க வுட்டுட்டு போய்ட்டாங்க. செய்யறதுக்கு ஒண்ணியும் இல்ல, எடுத்துப் படிச்சேன். படிச்சத ஆராண்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு, எழுதுனேன். அவ்ளோதான் ஆரம்பம். கத்துக்கினு எல்லாம் ஒண்ணும் வர்ல.

ஏன் ஆறு மாசமா ஒண்ணும் போடலன்னு கேட்டீங்கல்ல. சொல்றேன். உங்க பதிவு படிச்சதுலேர்ந்து அதான் மனசுல ஓடிக்கினு கீது.

எனக்குப் பேரு வந்துச்சே ஒரு பதிவு, நீங்களே அத்தப் படிச்சிட்டுத்தான் என்ன ஃபாலோ பண்ணேன்னீங்க. ஆமா, பின்சீட்டுக் கதைகள். எல்லாருக்கும் அதான் ஞாபகம் கீது. அந்தக் கத புக்க எழுதுனவரு பேரு ஷவுகத் அலி. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால காருக்கு சீட் கவர் தைக்கிற கடை வெச்சிருந்தாரு. அம்பது வயசுக்கு மேல. கடைல வண்டி இல்லாத நேரத்துல ஆர்டர் புக்கு பின்பக்கத்துல கத எழுதி, பன்னெண்டு கத சேந்ததும் கல்யாணப் பத்திரிக அடிக்கிற பிரஸ்ல குடுத்து முன்னூறு காப்பி போட்டாரு.

என்னத் தேடிக்கினு ஃபேக்டரி கேட்டுக்கே வந்தாரு சார். டிவிஎஸ் வண்டில. செக்யூரிட்டி வந்து ஆரோ பாய் நிக்கிறாருன்னான். வெளிய போனா, வெள்ள சட்ட, கைல ஒரு புக்கு, அதுக்கு பிளாஸ்டிக் கவர் போட்டு வெச்சிக்கினு நிக்கிறாரு. உங்க பிளாக்க எம்பொண்ணு காட்டுச்சு தம்பி, நம்மள மாதிரி கைவேல செய்யற ஆளு, உங்களுக்குத்தான் புரியும்னு தோணுச்சுன்னாரு. உள்ள முதல் பக்கத்துல, அன்புத் தம்பி பிரசன்னாவுக்கு, குறை இருந்தா மறைக்காம சொல்லவும்னு எழுதி கையெழுத்து போட்டுக்கீறாரு. டீ சாப்டலாம் பாய்னேன். வேணாம், வண்டி ஒண்ணு பாதில கழட்டிப் போட்டுட்டு வந்துட்டேன்னு கெளம்பிட்டாரு.

குறைய மறைக்காமத்தான் சொன்னேன். அப்பிடி சொன்னேன். ழ போட வேண்டிய எடத்துல ள, ள போட வேண்டிய எடத்துல ல. ஒரு வரில தொழிளாலின்னு இருந்துச்சு, அத்த ஃபோட்டோ எடுத்து போட்டேன். அட்டைல அவரு கூலிங் கிளாஸ் போட்டுக்கினு நிக்கிற படம், அத்தயும் வுடல. கடைசி வரி உங்களுக்கே தெரியும். பின்சீட்டுக் கதைகள்னு பேரு, ஆனா படிக்கிறவன டிக்கில போட்டு பூட்டிடுது. அந்த வரிதான் சார் ஊரெல்லாம் சுத்துச்சு. ஆரோ எடுத்து ரீல் போட்டாங்க. ஒரே நாள்ல என் பக்கத்துக்கு அத்தினி பேரு வந்தாங்க. அவரு ஃபோட்டோவ வெச்சி மீம் போட்டாங்க. ஃபேக்டரில மேனேஜர் கூப்ட்டு கை குடுத்தாரு. எனக்கு கால் தரைல படல.

ரெண்டு நாள் கழிச்சி ஃபோன் பண்ணாரு. திட்டுவாருன்னு ரெடியாத்தான் எடுத்தேன். நன்றி தம்பி, தப்பெல்லாம் குறிச்சி வெச்சிட்டேன், அடுத்த தடவை சரி பண்ணிட்றேன்னாரு. குரல்ல ஒரு கோவம் இல்ல. அப்பால, ஏழாவது கத எப்பிடி இருந்துச்சு தம்பின்னாரு.

நடுவுல கொஞ்சம் இழுக்குது பாய், ஒரு ரெண்டு பக்கம் வெட்டிடலாம்னேன்.

சரி தம்பின்னாரு. வெச்சிட்டாரு.

எடுத்துருக்கலாம் சார், அந்தப் பதிவ. அவரு பேசி முடிச்சப்பவே எடுத்துருக்கலாம். விஷால்கூட சொன்னான், பெரியவரு மச்சான், பாவம், தூக்கிடுன்னு. அதான்டா என் பக்கத்துக்கே வாசல்னு சொன்னேன். மூணு வருஷம் வெச்சிருந்தேன்.

போன வருஷம் கடைசில அந்தப் பதிவுக்குக் கீழ ஒரு கமெண்ட்டு வந்துச்சு. ஷாகிதான்னு பேரு, பாயோட பொண்ணு. அத்தா மவுத்தாயிட்டாங்க, இனிமேயாவது இத எடுத்துடுங்கன்னு போட்ருந்துச்சு. பாய் எறந்துட்டாரு சார். வேற ஒரு வார்த்த அதுல இல்ல. உடனே எடுத்தேன். எடுத்துட்டு ஃபோன கைல வெச்சிக்கினே நின்னேன். எடுக்கறதுக்கு அர நிமிசம் கூட ஆவல சார்.

அடுத்த வாரம் பூந்தமல்லி போனேன். கடை மூடிக் கெடந்துச்சு. பக்கத்து பஞ்சர் கடைல வழி கேட்டு ஊட்டுக்குப் போனேன். அவரு சம்சாரம் ஷம்ஷாத்தம்மா கதவ தெறந்தாங்க. இன்னான்னு சொல்றது, பாடிலேர்ந்து வர்றேன், பிரசன்னான்னேன். அடிப்பாங்க, வெரட்டுவாங்க, எது நடந்தாலும் வாங்கிக்கணும்னுதான் போனேன். அந்தம்மா மூஞ்சி மலந்துடுச்சு சார். பாடித் தம்பியா, உள்ள வாங்க, உங்களப் பத்தி எவ்ளோ சொல்லுவாரு தெரியுமா, எம் புக்கப் பத்தி எழுதுன ஒரே ஆளு அந்தத் தம்பிதான்னு சொல்லிக்கினே இருப்பாருன்னாங்க.

அவங்களுக்கு ஒண்ணியும் தெரியாது. அவரு சொல்லல. பொண்ணும் சொல்லல. அந்தப் பொண்ணு ஷாகிதா, காலேஜ் படிக்கிது, சமையல்கட்டு வாசல்ல நின்னு என்னையே பாத்துக்கினு இருந்துச்சு.

டீ குடுத்தாங்க. எப்பிடி ஆச்சும்மான்னு கேட்டேன். சக்கர ரொம்ப நாளா இருந்துச்சு, ஒரு நாள் காலைல நெஞ்சு வலின்னாரு, போய்ட்டாருன்னாங்க. அப்பால பரண்லேர்ந்து ரெண்டு அட்டப் பெட்டிய எறக்கச் சொன்னாங்க. நான்தான் எறக்குனேன். பூரா அந்தப் புக்கு. அவரு அதுக்கப்பறம் ஆருக்கும் குடுக்கலியாம்.

ஒண்ணு எடுத்துப் பிரிச்சேன். நீல இங்க்குல திருத்திக்கீறாரு சார். தொழிளாலிய அடிச்சிட்டு மேல தொழிலாளின்னு. ஒவ்வொரு ள, ஒவ்வொரு ழ. குண்டு குண்டா, பொறுமையா. இன்னொண்ணு எடுத்தேன், அதுலயும். எத்த எடுத்தாலும். கடை மூடிட்டு வந்து தெனம் ரெண்டு மூணுன்னு திருத்துவாரு, ஒருத்தருக்குக் குடுத்தா குத்தம் இல்லாம குடுக்கணும்னு சொல்லுவாருன்னு அந்தம்மா சொன்னாங்க. எல்லாத்தயும் முடிச்சிட்டாரு. அட்டைல அந்த கூலிங் கிளாஸ் ஃபோட்டோ மேல வெள்ளத் தாளு ஒட்டிக்கீறாரு.

அப்பால ஏழாவது கதைக்கு வந்தேன். நடுவுல ரெண்டு பக்கம். ஸ்கேல் வெச்சி வரி வரியா அடிச்சிக்கீறாரு. நான் பிரிச்ச எல்லாத்துலயும்.

ஒண்ணு எடுத்துக்கினு போங்க தம்பி, அவரு இருந்தா அவரே குடுத்துருப்பாருன்னு எங் கைல வெச்சாங்க. எறங்கி வந்துட்டேன். மாடிப்படிகிட்ட அந்தப் பொண்ணு பின்னாலயே வந்துச்சு. அம்மாவுக்குக் கேக்கக் கூடாதுன்னு சின்னக் குரல்ல பேசுச்சு.

அந்த ரெண்டு பக்கத்த ஏன் வெட்டச் சொன்னீங்க, அது எங்க அண்ணன் அப்படின்னுச்சு.

பஸ்ல உக்காந்து படிச்சேன். கோடு போட்டுருந்தாலும் எழுத்து தெரிஞ்சிது. கதைல ஒரு சீட் கவர் தைக்கிறவரு. அவருகிட்ட ஒரு வாடக காரு வருது, பின்சீட்டு கவர் மாத்தணும்னு. நம்பர் பிளேட்ட பாத்ததும் அவருக்குக் கை நின்னுடுது. ரெண்டு வருஷம் முன்னாடி ஜுரத்துல கெடந்த அஞ்சு வயசுப் புள்ள அனஸ அந்தக் கார்லதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. குமணன்சாவடி சிக்னல் தாண்டல. பின்சீட்லயே, அவரு மடிலயே போய்ட்டான். அந்த ரெண்டு பக்கத்துல அவரு டிரைவராண்ட ஒண்ணியும் சொல்லாம, பழைய கவர ஒரு தையல் ஒரு தையலா பிரிக்கிறாரு. கிழிக்க மனசு வரல. பிரிச்சி, மடிச்சி, ஊட்டுக்கு எடுத்துக்கினு போறாரு. அவ்ளோதான் சார் அந்த ரெண்டு பக்கம். ஒரு தப்பு இல்ல அதுல. ஒரு ழ தப்பு கூட இல்ல. அந்த ரெண்டு பக்கத்த மட்டும் எத்தினி தடவ பாத்துப் பாத்து எழுதிருப்பாரோ.

திரும்ப எழுதலாம்னு உக்காந்தேன். இது நல்ல புக்கு, நான் எழுதுனது தப்புன்னு. நாலஞ்சு தடவ உக்காந்தேன். ஆரு படிக்கிறதுக்கு? படிக்க வேண்டியவரு இல்லியே. ஷாகிதாவுக்கு ஃபோன் பண்ணி கேட்டேன், எழுதட்டுமாம்மான்னு. வேணாம் சார், அத்தா பேர மறுபடி நெட்ல போடாதீங்கன்னுச்சு. அதுக்கு மேல இன்னா கேக்கறது. அதான் ஆறு மாசமா ஒண்ணும் போடல. வேற புக்கப் பத்தி எழுதலாம்னு ஆரம்பிச்சா மொத வரியே வர்ல.

இன்னா சார்? இல்ல, கேளுங்க, பரவால்ல. அந்தப் பொண்ணு கேட்டதத்தான் நீங்களும் கேக்குறீங்க. அவ்ளோ நல்ல எடத்த எப்பிடி வெட்டச் சொன்னேன்னு.

அந்தப் பொண்ணுக்கு நான் பதில் சொல்லல. தல குனிஞ்சிக்கினு வந்துட்டேன். உங்களுக்கு சொல்றதுக்கு இன்னா. அந்த விமர்சனம் எழுதுன அன்னிக்கு ஞாயித்துக்கெழம சார். வாரம் ஒரு புக்குன்னு போட்டு வெச்சிருந்தேன், அந்த வாரம் ஒண்ணியும் படிக்கல. ரெண்டு மணிக்கு எஸ்டேட் கிரவுண்ட்ல எங்க ஷிஃப்ட்டுக்கும் பி ஷிஃப்ட்டுக்கும் மேட்ச்சு. சாப்ட்டு கைய கழுவிக்கினு வந்து அந்தப் புக்க எடுத்தேன். பதினோரு பக்கம் படிச்சேன். தப்பு தப்பா கெடைச்சிது, போதும்னு எழுதிட்டு மேட்ச்சுக்குப் போய்ட்டேன். ஏழாவது கத ஒண்ணு இருக்குதுன்னே அவரு ஃபோன்ல கேட்டப்பதான் எனக்குத் தெரியும்.