முந்தி மூலையில ஒரு முத்திரை

இல்ல மதினி, நீங்க சொன்னத நான் தப்பாவே எடுத்துக்கிடல. எங்க வீட்டுல பழசுன்னு சொல்லிக்கிட ஒரு சாமானும் கெடையாதுதான். இருந்த ஒத்த வெங்கலப் பானையையும் எங்க வீட்டுக்காரர் எடைக்குப் போட்டு மிக்சி வாங்கிட்டாரு. மூணு தலைமுறைக்கு முந்தி நாங்க யாருன்னு கேட்டா எங்களுக்கே தெரியாது. ஆனா புள்ளைக ரெண்டும் மனசுக்குப் புடிச்சுப் போய் நிக்குதுகளே. பழமை இல்லாத வீட்டுல இருந்து என் மக சுஜிதாவ உங்க மகன் வெங்கடேசனுக்கு எடுக்க மாட்டோம்னு சொல்லுததுக்கு, கீழப்பாவூர்ல இருந்து தென்காசி வரைக்கும் இந்தச் சாரல்ல நனைஞ்சுக்கிட்டு வரணுமா? போன்ல சொல்லியிருந்தா நானும் போன்லயே அழுது முடிச்சிருப்பேன். செத்த இருங்க, தூத்தல் விடட்டும்.

மதினின்னு கூப்பிடக் கூடாதா? சரித்தான். ஆறு மாசமா வாய் பழகிட்டு, இன்னைக்கு ஒரு நாள் கூப்பிட்டுக்கிடுதேன்.

அது கெடக்கு. நீங்க கட்டியிருக்க பட்டு, உங்க மாமியாரோட மாமியாருக்கு எடுத்த முகூர்த்தச் சேலை, எம்பது வருசமாச்சுன்னு சொன்னீகள்லா. படி ஏறும்போதே பாத்துட்டேன். மாம்பழக் கலரு, அரக்குக் கரை. எனக்கு இதுல ஒரு கிறுக்கு உண்டு மதினி. இப்பம் போன்ல பழைய பட்டுன்னு போட்டு விக்குதாகல்லா, அதுல எது மெய்யி எது பொய்யின்னு பாத்துப் பாத்து என் கண்ணே பூத்துப் போச்சு.

லேசுல கண்டுபிடிச்சிரலாம். மொதல்ல ரவிக்கைத் துணி. அந்தக் காலத்துச் சேலையோட ரவிக்கைத் துணி சேந்து வராது. இவனுக நூறு வருசத்துச் சேலைன்னு போடுவானுக, கீழயே பிளவுஸ் அட்டாச்டுன்னும் போடுவானுக. அவன் மானத்த அவனே வாங்கிக்கிடுதான். பொறவு சரிகை. வெள்ளிச் சரிகைன்னா நாள்பட நாள்பட கறுத்துரும். எம்பது வருசத்துக்குப் பொறவும் கோயில் கொடைக்குப் போட்ட சீரியல் லைட்டு மாதிரி மின்னுச்சுன்னா அது பிளாஸ்டிக்குதான். ஒரு நூல உருவி தீயில காட்டினா உருகி உருண்டையாயிரும். ஏன் மதினி முந்திய இழுத்துச் சொருகுதீக? நான் என்ன தீப்பெட்டியும் கையுமாவா உக்காந்திருக்கேன்?

எல்லாத்துக்கும் மேல மடிப்பு. பழைய பட்டு மடிச்ச எடத்துலயே இத்துப் போவும். நீங்க பஸ்ஸுல நெரிசல்ல நின்னுக்கிட்டே வந்தேன்னீக. மெய்யாவே எம்பது வருசத்துப் பட்டா இருந்தா பாவூர்சத்திரம் தாண்டுததுக்குள்ள பாதிச் சேலை பஸ்ஸுலயே நின்னுருக்கும்.

சும்மா சொன்னேன், உக்காருங்க. உங்க சேலை வேற, அது வலுவான சேலை.

புதுச் சேலையப் பழசாக்குத கூத்து இருக்கே, அதக் கேட்டா சிரிப்பீக. புளியறை செக்போஸ்டுப் பக்கம் லாரிக்காரங்களுக்கு டீ போடுதாங்கல்லா, அங்கன மிஞ்சுத டீத்தூளுதான் நல்லாக் கறை புடிக்கும். அத வாங்கியாந்து காய்ச்சி, சேலைய முக்கி எடுத்து, குத்தாலத்துச் சாரல் காத்துல நெழல்ல போடணும். பொறவு பாய்க்கு அடியில விரிச்சு ரெண்டு நாள் மேல படுத்து உருளணும். கடைசியில பழைய பொட்டி வாசத்துக்கு ரெண்டு பாச்சா உருண்டை. எனக்கு எப்படித் தெரியுமா? எல்லாம் பாக்குததுதான் மதினி.

அந்த முந்தியக் கொஞ்சம் காட்டுங்களேன், தொடக்கூட மாட்டேன். ஆங். மூலையில கடை முத்திரை இருக்கே. முப்பிடாதி பட்டு மாளிகை, தென்காசி. அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கு? கண்ணாடி கொண்டு வரலையா? சரி, நான் வாசிக்கேன். தென்காசி மாவட்டம்.

மதினி, நான் பொறந்ததும் திருநெல்வேலி மாவட்டம், என் மக பொறந்ததும் திருநெல்வேலி மாவட்டம். தென்காசி மாவட்டம்னு ஒண்ணு வந்ததே கொரானாவுக்கு முந்தின வருசம். எம்பது வருசத்துக்கு முன்னாடி உங்க மாமியாரோட மாமியாருக்குச் சேலை குடுத்த கடைக்காரனுக்கு மட்டும் கலெக்டரு முன்கூட்டியே தாக்கல் சொல்லி விட்டாரோ?

ஐயோ, கண்ணக் கசக்காதீக. நான் ஒரு குருவிட்டக்கூட சொல்ல மாட்டேன். பொண்ணு வீட்டுல நாலு பேரு மதிக்கணும்னு நெனைச்சீக, அதுல என்ன பாவம்? போன்ல இத வித்தவளும் ஏமாத்துக்காரி இல்ல. பழைய ஸ்டைல்னு போட்டிருப்பா, எறும்பு ஊருன மாதிரி எழுத்துல போட்டிருப்பா, அது நம்ம கண்ணுக்குத் தெரியாது. இந்த முத்திரைகூட அவ தப்பு இல்ல. ரப்பர் ஸ்டாம்பு செய்யுத முத்துச்செல்வத்துட்ட கடைப் பேரும் ஊருப் பேரும் மட்டுந்தான் எழுதிக் குடுத்தா. அவன் வருசம் பூரா ஆபீசுகளுக்குச் செஞ்சு செஞ்சு பழகின கையி, தானாக் கீழ மாவட்டத்தச் சேத்துட்டான். அவளும் கவனிக்காம ஒரே ஒரு சேலையில குத்தி அனுப்பிட்டா. மறுநாள் பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டு அந்த ஸ்டாம்பத் தூக்கிப் போட்டுட்டா. ஆகக்கூடி இந்த ஊருலகத்துலயே இந்த முத்திரை உள்ளது இந்த ஒரு சேலைதான். அந்த வகையில பாத்தா நீங்க கட்டியிருக்கது மெய்யாவே அபூர்வமான சேலை.

எனக்கு உங்க சேலை மேல ஒரு வருத்தமும் இல்ல மதினி. அடுப்படியில ஒருத்தி மூக்க உறிஞ்சுதது கேக்குதா? அதத்தான் என்னால தாங்க முடியல. எந்நேரமும் போனும் கையுமா இருக்கா, ஒரு கைவேலை தெரியாதுன்னு தரகர்ட்ட சொன்னீகளாம். அவ போன்ல என்ன பண்ணுதான்னு ஒரு நாள் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். வேண்டாம்னா வேண்டாம்தான், நான் உங்க கையப் புடிச்சா நிறுத்த முடியும்?

என்னது, இப்பம் கெளம்பலையா? சுஜிதாவுக்குப் பூ வைக்க நல்ல நாள் பாக்கணுமா? பாத்துட்டாப் போச்சு. இத வித்தவ யாருன்னா கேக்கீக?

இந்தா, சுஜிதா காப்பி கொண்டாந்துட்டா, வாங்கிக்கோங்க. பயப்படாமக் குடிங்க மதினி. உங்க சேலைக்கு டீத்தண்ணி போட்ட கைதான் இதையும் போட்டிருக்கு.