முன்னைப் போல் இல்லை என்று எழுதிய ஒத்தக்கடை நேயர்

நடுவர் நாற்காலியில் அமர்ந்தாலும் நகைப்பதற்குத் தயங்காத அவைத்தலைவர் பஞ்சாபகேசன் ஐயா அவர்களே! பதினோரு ஆண்டுகளாகப் பேயாண்டி என்னும் கேலிச்சித்திர மனிதனைப் பேச வைத்து, நடக்க வைத்து, நம்மைச் சிரித்துச் சிரித்துப் புரையேற வைத்த இயக்குநர் செல்வக்குமார் அவர்களே! காளவாசல் நெரிசலைக் கடந்து இந்த மண்டபத்துக்கு முழுதாக வந்து சேர்ந்த பெரியோர்களே! கேஸை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! ஒத்தக்கடையிலிருந்து வந்திருக்கும் தமிழ்வாணியின் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

ஐயா, நாலாவது வரிசையில் பேரனை மடியில் வைத்திருக்கும் பெரியவரே! பொம்மைப் படம் என்று யாரோ சொல்லி அழைத்து வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. 'பேயாண்டி வீட்டு ரகளை' பொம்மைப் படம்தான். ஆனால் அந்தப் பொம்மை கடன் வாங்கும், கள்ளத்தனமாகக் குடிக்கும், கட்டிலில் படுத்துக்கொண்டு மாமியாரைத் திட்டும். பிள்ளையை வாசலுக்கு அனுப்பிவிடுங்கள், ஐஸ்கிரீம் விற்கிறார்கள்.

இன்றைய தலைப்பு என்ன? பெரியவர்களுக்கான சித்திர நகைச்சுவைத் தொடர், நாளாக நாளாக நைந்து போகிறதா, நயமாகிறதா? நைந்து போகிறது என்று பேச வந்தவள் நான். குறிப்பு எடுத்து, கண்ணாடி முன் நின்று கை வீசிப் பழகி, பட்டுச்சேலை கட்டி வந்தவள் நான்.

நைந்து போகவில்லையா? போயிருக்கிறது. மறைக்க மாட்டேன். ஆறாம் ஆண்டை யார் மறப்பார்? காளவாசல் சிக்னலில் ஷேர் ஆட்டோ பிடிக்கத் தெரியாத பேயாண்டியைச் சிங்கப்பூருக்கு அனுப்பினாரே நம் செல்வக்குமார்! ஏன் அனுப்பினார்? எதற்கு அனுப்பினார்? அங்கே போய் அவன் என்ன செய்தான்? மூன்று மாதம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு நின்றான். நமக்கும் மூச்சு முட்டியது. சிரிக்காதீர்கள் தம்பி, நீங்கள்தான் எழுதினீர்கள்.

இதையெல்லாம் அடுக்கத்தான் வந்தேன். ஆனால் மேடை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் செல்வக்குமார் என்னை ஓரமாக அழைத்து ஒரு செய்தி சொன்னார். சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். உள்ளே மடித்த தாள் ஒன்று இருந்தது.

"அக்கா, இன்னைக்கோட ரகளைய நிப்பாட்டுறோம். கடைசில இதத்தான் வாசிக்கப் போறேன். ஒத்தக்கடை நேயர்னு ஒருத்தரு மொத வருசத்துலருந்து கார்டு போடுவாரு. போன வாரமும் 'முன்னைப் போல் இல்லை'னு எழுதிட்டாரு. அவருக்கே சலிச்சிருச்சுன்னா இன்னும் யாருக்குக்கா படம் போடுறது?"

கேட்டீர்களா அவையோரே? கோரிப்பாளையத்தில் ஒரு மாடி அறை, நாலு கணினி, ஐந்து பேர். அவர்கள் பதினோரு ஆண்டு வரைந்த உலகத்தை ஓர் அஞ்சலட்டையா மூடப் போகிறது? பேயாண்டியையும் அவன் மனைவி சீனியம்மாளையும் ஒற்றை வரியா வீட்டைவிட்டுக் கிளப்பப் போகிறது? அந்த ஒத்தக்கடை நேயர் யார்? எங்கே இருக்கிறார்? அவர் முகம் எப்படி இருக்கும்?

இப்படித்தான் இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆமாம், நான்தான். பேர் போட வெட்கப்பட்டுக்கொண்டு, ஊர் பேரை மட்டும் போட்டு எழுதியவள் நான்தான். விசில் அடிக்காதீர்கள், எனக்கு அவமானமாக இருக்கிறது.

செல்வக்குமார் நேயர்களின் அட்டைகளை எல்லாம் வாசலில் ஒரு பலகையில் குத்தி வைத்திருக்கிறாரே, அவர் அப்படிச் சொன்னதும் நேராக அங்கே ஓடினேன். என் முதல் அட்டையைத் தேடிப் படித்தேன். நீங்களும் போகும்போது படித்துப் பாருங்கள். "இரண்டாம் பகுதி பார்த்தேன். முன்னைப் போல் இல்லை." இரண்டாம் பகுதிக்கு முன்னே இருந்தது எது? ஒரே ஒரு பகுதி. அதுவும் ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்துக்குள்ளேயே எனக்குப் பொற்காலம் ஒன்று வந்து போயிருக்கிறது!

ஏன் அப்படி எழுதினேன்? சொல்கிறேன். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பிடித்ததை வாய்விட்டுப் புகழ்ந்தால் கண்ணு பட்டுவிடும் என்று பயப்படுகிற கூட்டம் நாம். என் வீட்டுக்காரர் பாண்டியராஜன், அதோ தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார், மீன்குழம்பை வாயில் வைத்ததும் "உப்பு ஒரு கல்லு கூட" என்பார். சொல்லிவிட்டு மூன்றாவது தடவை சோறு வாங்குவார். அவர் பாராட்டுவது அப்படித்தான். நான் எழுதியதும் அப்படித்தான். அதைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டாரே இந்த அப்பாவி மனிதர்!

ஐயா, மணியில் கை வைக்காதீர்கள். நான் கட்சி மாறிவிட்டேன், மாறியவளுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும்.

பத்தாம் ஆண்டில் ஒரு பகுதி வந்தது. சீனியம்மாளுக்குக் கோபம். எட்டு நிமிடமும் அவள் வாய் திறக்கவில்லை. கரண்டி பேசியது, குக்கர் பேசியது, குடத்தைத் தூக்கி வைத்த சத்தம் பேசியது. பேயாண்டி கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து கடைசியில், "ஏதாச்சும் திட்டு, சீனி" என்று கெஞ்சினான். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அதை முதல் ஆண்டில் எடுத்திருக்க முடியுமா? முடியாது. ஒன்பது ஆண்டு அவள் ஓயாமல் பேசியதைக் கேட்டவர்களுக்கு அல்லவா அந்த எட்டு நிமிட மௌனம் கேட்கும்! சிங்கப்பூர் லிஃப்டையும் பொறுத்துக்கொண்டு கூடவே வந்தவர்களுக்கு அல்லவா அந்த அடுப்படி கிடைக்கும்! நகைச்சுவை நடுவில் நைந்தது உண்மை. நைந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இந்தச் சீனியம்மாள் நமக்குக் கிடைத்திருக்க மாட்டாள்.

இந்த அவையையே கேட்கிறேன். "முன்ன மாதிரி இல்லப்பா" என்று ஒரு முறையாவது சொன்னவர்கள் கையைத் தூக்குங்கள். அடேயப்பா, இம்புட்டுக் கையா? சரி. அப்படிச் சொல்லிவிட்டுப் பார்ப்பதை விட்டவர்கள் மட்டும் கையை இறக்காமல் இருங்கள். எல்லாம் இறங்கிவிட்டது. அங்கே கடைசியில் ஒரு கை நிற்கிறதே, அண்ணே, ஏன் விட்டீர்கள்? என்ன? மைக்செட்டுக்காரரா? பார்த்ததே இல்லையாம்! அண்ணே, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்குங்கள். முதல் பகுதியைப் பார்த்தால் உங்களுக்கும் முன்னைப் போல் இல்லாமல் போய்விடும்.

எனக்கு முன் பேசியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து ஓர் அட்டை எழுதினேன். தபாலில் போட நேரமில்லை, கையிலேயே தருகிறேன். வாசித்துவிடுகிறேன்.

"அன்புள்ள செல்வக்குமாருக்கு. நீங்கள் அடுத்து எதை எடுத்தாலும் முன்னைப் போல் இல்லை என்றுதான் எழுதுவேன். என்னை எழுத விடுங்கள். இப்படிக்கு, ஒத்தக்கடை தமிழ்வாணி."

பேரைப் போட்டுவிட்டேன் தம்பி. கண்ணு பட்டாலும் படட்டும். எனக்குப் பிடித்திருக்கிறது. பதினோரு ஆண்டாகப் பிடித்திருக்கிறது.

என்ன, கை சட்டைப்பைக்குப் போகிறதே? அந்தத் தாளை எடுக்கிறீர்களே? அடடா, அதில் போய் முகத்தைத் துடைக்கிறாரே மனிதர்! பாருங்கள் அவையோரே, கண், மூக்கு எல்லாம் துடைத்துக் கசக்கிவிட்டார். தலைவர் அவர்களே, அதை இனி யாராலும் வாசிக்க முடியாது.

பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், மணியடிக்காத நடுவருக்கும், இன்றைக்கு வீடு போய்க் கேஸைப் பார்க்கப் போகும் தாய்மார்களுக்கும் நன்றி கூறி, கை கூப்பி அமர்கிறேன். கைதட்டல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போன கூட்டத்தில் தட்டிய மாதிரி இல்லை. வணக்கம்.