பேச்சு நிறைய உள்ள நாவல்

ஆண்டர்சன்பேட்டை வங்கியில் உயிர்ச் சான்றிதழுக்கான வரிசை. நேரில் வந்து நின்றாலும், நாம் உயிரோடிருப்பதை விரல்ரேகைதான் சொல்ல வேண்டும், விதி அப்படி. எனக்கு முன்னால் இரண்டு ஓய்வூதியர்கள். ஒருவர் கையில் நூலகத்து நாவல். அவர்தான் ஆரம்பித்தார்.

“பேச்சு கம்மியா இருந்தா அந்த நாவலை எடுக்கவே மாட்டேன், மச்சான்.”

“ஏன், கதை நல்லா இருந்தா போதாதா?”

“சம்சாரம் செத்தப்புறம் வூட்ல சத்தமாத்தான் படிக்கிறேன். ஆம்பளைக்கு ஒரு குரல், பொம்பளைக்கு ஒரு குரல்.”

“யோவ்! பக்கத்து வூட்ல இன்னா நெனைப்பாங்க?”

“யாரோ விருந்தாளி வந்திருக்காங்கன்னு நெனைச்சி, அந்தம்மா நேத்து ரெண்டு டம்ளர் காப்பி கொணாந்தாங்க.”

“நீ இன்னா சொன்னே?”

“யாரும் இல்லன்னு சொல்ல வாய் வரல. வாங்கிக்கினு கதவைச் சாத்திட்டு, ரெண்டையும் நானே குடிச்சேன்.”